மீன் கூட்டிச் சொன்ன வயது

கழுத்து நரம்பு சுண்டி இழுத்தது. காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல், பழைய சட்டி ஓட்டின் உள்பக்கம் ஒட்டியிருந்த கரியைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பரிசோதனைக்கூடத்தில் அதுதான் அவள் வேலை. அந்தச் சட்டியை அகழாய்வுக் குழியிலிருந்து எடுத்தவன் அவளுடைய அண்ணன்.

முன்பு சுரண்டிய கரிக்கு ஐயாயிரம் வயது என்று வந்ததிலிருந்து அண்ணனைக் கையில் பிடிக்க முடியவில்லை. பக்கத்துக் குழி ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம், நேற்றுப் பிறந்த மண்ணைக் கிண்டுகிறவர்கள் என்று நக்கலடித்துத் திரிந்தான்.

இப்போது சுரண்டியது, சட்டியில் என்ன வெந்தது என்று பார்க்க. பார்த்தால் ஏரி மீனின் கொழுப்பு. அந்த ஏரி சுண்ணாம்புப் பாறைக்கு நடுவில் கிடப்பது. பாறையின் பழைய கரிமம் தண்ணீரில் கரைந்து மீனுக்குள் போயிருக்கும். அந்த மீன் கருகிய கரி, கரிமத்தை வைத்துக் கணிக்கும்போது உள்ளதைவிட வயதைக் கூட்டித்தான் காட்டும்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் மண் சுமந்த வீட்டில் வளர்ந்தவள். அரைக்கூடை மண்ணை முழுக்கூடை என்று சொன்னவனை அம்மா எப்படித் திட்டுவாள் என்று கேட்டு வளர்ந்தவள்.

சரிபார்க்க, அதே மண்ணடுக்கில் கிடைத்த, ஏரி மீன் தின்னாமல் புல் மட்டும் மேயும் விலங்கின் எலும்பு வேண்டும். இருந்தது ஒன்றுதான்: பக்கத்துக் குழியில் கிடைத்த மான் தாடை. எலும்பைச் சோதிக்கக் கூடத்து மேலதிகாரி சம்மதித்துவிட்டார். அன்று சாயங்காலம் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி, எலும்பைக் கேட்டு வாங்கிவரச் சொன்னாள்.

"நம்ம சட்டிய நீயே கவுக்கப் பாக்குறியா?"

"சட்டி அப்படியேதான் இருக்குண்ணே. வயசுதான் பொய்யா இருக்கும்."

"அதுக்கு நான் போயி அவனுங்ககிட்ட கையேந்தணுமா?"

"எரிச்சுப் பாத்தா எலும்பு திரும்ப வராது. எடுத்தவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணும்ல."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் கூடத்துக்கு வந்து, தாடைத் துண்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

எலும்பு நாலாயிரத்து நானூறு என்றது. அறுநூறு வருஷம் போயிற்று. அண்ணனிடம் சொன்னாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலை, இரண்டு குழி ஆட்களும் கேட்கும்படி வரப்பில் ஏறி நின்றான்.

"எங்க சட்டிக்கு அறுநூறு வயசு கொறஞ்சுபோச்சு. கண்டுபிடிச்சது என் தங்கச்சி. மீனு சொன்ன பொய்ய எலும்ப வச்சுப் பிடிச்சிருக்கா. உங்க வீட்ல அப்படி ஒருத்தி இருந்தா கூட்டிட்டு வாங்க."

"சட்டி வயசு எறங்கியும் உன் வாய் எறங்கலியேப்பா" என்றார் பக்கத்துக் குழி மேஸ்திரி. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அன்று முழுக்க, வந்தவன் போனவனிடமெல்லாம் தங்கச்சி கதைதான்.

எலும்பு கொடுத்த மேஸ்திரிக்கு மட்டும் அவன் ஒரு நன்றி சொல்லவில்லை. அது இன்னும் பாக்கி.