பெரிய பொதிக்கு ஒரு ஓம்

1

ஒரு கடிதத்தை எழுதாமல் தப்புவதற்காகவே இந்தக் கதையைத் தொடங்கினேன். கரவெட்டியில் முப்பது வருடம் விவாகப் பதிவாளராக இருந்தவன் நான். என் கையெழுத்தை எவரும் சந்தேகித்ததில்லை. என் குடும்பத்தின் பெயரையும்.

2

முதல் தொடக்கம்: யாழ்ப்பாண நகரின் தனியார் வைத்தியசாலை ஒன்றில், பெர்னடெட் என்ற கவனக்குறைவான பெண்...

(வெட்டிவிட்டேன். அவள் கவனக்குறைவானவள் அல்ல.)

இரண்டாம் தொடக்கம்: அந்த வைத்தியசாலையின் கணினி வலையமைப்புக்கு என் மகன் சுபாங்கன் பொறுப்பு. ஸ்கான் படங்கள் கீழ்மாடியிலிருந்து மேல்மாடி வைத்தியரிடம் சிறு சிறு தரவுப் பொதிகளாக மெதுவாகவே போயின. பொதியைப் பெரிதாக்கினால் விரைவாகப் போகும். 'ஜம்போ பிரேம்' என்பார்கள். ஆனால் வழியில் பொதிகளைக் கடத்திவிடும் 'சுவிட்ச்' பெட்டிகள் எல்லாவற்றிலும் அதை இயக்கிவிட வேண்டும். மேல்மாடிச் சுவிட்ச் அவனுடையது. பல பிரிவுகளுக்குப் பொதுவான கீழ்மாடிச் சுவிட்ச், குருநகரிலிருந்து வேலைக்கு வரும் பெர்னடெட்டின் பொறுப்பு.

3

மகன் காரில் போகும்போது அவளுடன் போனில் கதைத்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

"பெர்னடெட், நாளைக்குக் காலமை பெரிய பொதி விடப்போறன்."

"ஓம்."

"ரெண்டு பக்கக் கொம்பியூட்டரையும் நான் மாத்துவன். உம்மடை சுவிட்சையும் மாத்திவிடும்."

"ஓம், ஓம்... ஆனா அண்ணை, அதிலை மற்றப் பிரிவுகளும்..."

"உம்மடை ஆனாவை நாளைக்குக் கேக்கிறன்." சிரித்தபடி தொடர்பைத் துண்டித்தான்.

(பதிவாளனின் குறிப்பு: எங்கள் ஊரில் ஓம் இரண்டு. ஒன்று சம்மதம். மற்றது, கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்பது. மணமகள் சொன்னது எந்த ஓம் என்று தெரியாமல் நான் ஒருநாளும் பேனையைத் தொட்டதில்லை.)

4

மறுநாள் அவன் மாற்றினான். தன் கேள்விக்குப் பதில் வரும் என்று காத்திருந்த அவள் மாற்றவில்லை. அவன் சிறு பொதியொன்றை அனுப்பித்தான் சோதித்தான்; அது போய்வந்தது. பெரியவற்றைக் கீழ்மாடிச் சுவிட்ச் ஓர் எச்சரிக்கையும் இல்லாமல் கைவிட்டது. வைத்தியரின் திரையில் நோயாளியின் பெயர் வந்தது, படம் வரவில்லை. நீர்வேலிக் கனகரத்தினத்தின் தலை ஸ்கான் மத்தியானம் தாண்டியும் போய்ச் சேரவில்லை.

சிகிச்சை பிந்தியது. அவருக்கு இப்போது பேச்சு இல்லை.

விசாரணையில் மகன் சொன்னது ஒரே வசனம்: "அவ ஓம் எண்டவ." பெர்னடெட்டை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள்.

5

போன கிழமை எங்கள் படலையடிக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஐயா, அண்டைக்குப் போனிலை உங்கடை இருமல் கேட்டது. நான் சொன்னது முழுக்க உங்களுக்குக் கேட்டிருக்கும்."

"ஓம்."

"இது எந்த ஓம், ஐயா?"

(இந்த இடத்தில் எனக்கு ஒரு கம்பீரமான பதிலை மூன்று தரம் எழுதிப் பார்த்தேன். மூன்றையும் வெட்டிவிட்டேன்.)

"கேட்டதைக் கடிதமா எழுதித் தாங்கோ. கடைசி விசாரணை வாற மாதம் முதல் திங்கக்கிழமை. அதோடை என்ரை வேலை முடிஞ்சுது."

அன்று பின்னேரம் மகன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அப்பா, நீங்கள் அண்டைக்கு நித்திரை. ஒண்டும் கேக்கேல்லை."

6

முடிவு ஒன்று: கடிதத்தைக் கொடுக்கிறேன். மகனுடைய வேலை போகிறது. பெற்ற தகப்பனே காட்டிக்கொடுத்தான் என்று ஊர் சொல்லும். பிறகு அவன் என்னோடு...

முடிவு இரண்டு: நான் நித்திரை. பெர்னடெட்...

(இரண்டையும் முடிக்க என்னால் இயலவில்லை.)

இது கதை. கடிதமல்ல. 'பெயர்கள் யாவும் கற்பனை' என்று அடியில் ஒரு வரி போட்டே பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். போட்டேன். பிறகு பேனையால் வெட்டினேன்.

ஞாயிறு மலரில் வரலாம். மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை. அங்கே இதைக் கொண்டுபோகிறவர் நீங்களா, நானா என்பதை நான் எழுதப்போவதில்லை.