முப்பத்தொன்றாம் பகுதியில் வெட்டியது

எங்கள் சேனலில் யாரும் சாவதில்லை. ரத்தம் வராது. சிகரெட் பிடிக்கும் நரியின் கையில் சிகரெட் இருக்காது, விரல்கள் மட்டும் எதையோ பிடித்தபடி இருக்கும். இரண்டு தவளைகள் முத்தமிட முகத்தை நீட்டும், அடுத்த நொடி தள்ளித்தள்ளி உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் செய்வது நான். கார்ட்டூன் பார்த்தே சம்பளம் வாங்குகிறான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள்.

எதை வெட்டவேண்டும் என்று முடிவு செய்பவர் என் மேலதிகாரி. ஆபீஸில் அந்த அம்மாவுக்குப் பெரிய கத்தரி என்று பெயர். எனக்குச் சின்னக் கத்தரி. அவருக்கும் இது தெரியும். ஒருமுறை அவரே எனக்கு ஒரு கத்தரிக்கோல் வாங்கிவந்து மேஜையில் வைத்தார். குழந்தைகள் காகிதம் வெட்டுகிற, முனை மழுங்கிய ரகம்.

என் மனைவி அதே கட்டடத்தில் ஒரு மாடி கீழே குரல் கொடுத்தாள். வேறு மொழியிலிருந்து வரும் கார்ட்டூன்களுக்குத் தமிழ்க் குரல். கோழி, சூனியக்காரி, இழுவை வண்டி எல்லாம் அவள்தான். கடைசியாகச் செய்தது ஒரு தாய் நீர்நாய். ஆற்றோரம் வாழும் நீர்நாய்க் குடும்பத்தின் கதை, மொத்தம் ஐம்பத்திரண்டு பகுதி.

முப்பத்தொன்றாம் பகுதியில் வெள்ளம் வரும். தாய் குட்டியைப் பாறைமேல் தள்ளிவிட்டு அடித்துச் செல்லப்படும். எதை வெட்டப் போகிறோம் என்று தெரிந்தாலும் முதலில் முழுதாகக் குரல் பதிவு செய்துவிடுவோம். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் கீழே போய் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்றேன்.

"எப்படிச் சாகட்டும்?" என்று மைக்கில் கேட்டாள். "இழுத்து இழுத்தா, பொசுக்குன்னா?"

"பொசுக்குன்னு சாவு. எப்படியும் வெட்டத்தான் போறேன். பசிக்குது."

"உனக்கு ரசனையே இல்ல. ஒரு அம்மா சாகறா, இவனுக்குச் சோத்து நெனப்பு."

ஏழு முறை செத்தாள். ஒலிப்பதிவுக்காரர் நான்காவதை எடுத்துக்கொண்டார்.

அடுத்த காட்சியில் சித்தி நீர்நாய் குட்டியிடம் விஷயத்தைச் சொல்லவேண்டும். சாவு என்ற பேச்சே கூடாது என்பதால் வரியை மாற்றும் வேலை என்னிடம் வந்தது. சித்தியின் வாய் பதினான்கு முறை அசைகிறது. மாற்று வரியும் அத்தனை அசைவுக்குப் பொருந்தவேண்டும், இல்லாவிட்டால் வாய் சும்மா மெல்லுவதுபோல் இருக்கும். 'அம்மா தூரமாப் போயிருக்காங்க' என்று எழுதினேன். பத்து அசைவில் முடிந்துவிட்டது. மிச்சம் நான்கு. 'வருவாங்க' என்று சேர்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஒட்டு தெரியல," என்றார் பெரிய கத்தரி. அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்சப் பாராட்டு அது.

நாற்பத்துநான்காம் பகுதியிலும் எனக்கு வேலை இருந்தது. குட்டி ஆற்றங்கரையில் ஒரு கற்குவியலின் முன் நின்று கண்ணை மூடும். அம்மாவைப் புதைத்த இடம். பிறகு பழைய நினைவு ஒன்று: எல்லோரும் மீன் பிடிக்கப் போய்விட, குட்டி வீட்டில் தனியாக இருக்கிறது. கதவு திறக்கிறது. அம்மா. "வந்துட்டேன்டா தங்கம். ரொம்ப நேரம் காத்திருந்தியா?" கடைசியில் மறுபடி கற்குவியல். கல்லறை, வெட்டவேண்டியவற்றின் பட்டியலில் இருக்கிறது. முன்னாலும் பின்னாலும் கற்களை வெட்டினேன். இதிலும் ஒட்டு தெரியவில்லை.

இது முடிந்து ஏழாவது வாரம் அவள் படிக்கட்டில் விழுந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், ஒன்றும் மாறாது, போய் ஒரு மணி நேரம் வேலையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவளுடைய அக்கா அனுப்பிவைத்தார். நான் தவளைகளின் முத்தத்தில் இரண்டு விநாடியைக் குறைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. போய்ச் சேர்ந்தபோது படுக்கையில் விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

வீட்டில் மகள் இருந்தாள். ஐந்து வயது. நாங்கள் எங்கு இருந்தாலும் காதோரம் வந்து பேசிக்கொண்டே இருப்பாள் என்பதால் அவளுக்குக் கொசு என்று அவள் அம்மா பெயர் வைத்திருந்தாள்.

"அம்மா எங்க?" என்றாள்.

"அம்மா தூரமாப் போயிருக்காங்க," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வருவாங்க," என்றேன்.

அந்த நொடியில் எனக்கு அது தெரியவில்லை. ராத்திரி பல் தேய்க்கும்போதுதான் அது யாருடைய வரி என்று உறைத்தது.

மூன்று மாதம் கழித்துத் தொடர் ஒளிபரப்பாக ஆரம்பித்தது. வாரத்தில் ஐந்து நாள், மாலை ஐந்து மணி. கொசுவைப் பார்க்க விட்டேன். விடக்கூடாது என்று தெரியும். ஆனால் அரை மணி நேரம் வீட்டில் அந்தக் குரல் இருந்தது. ஆபீஸிலிருந்து நாலரைக்கே கிளம்பிவந்துவிடுவேன். மனைவியின் அக்கா எங்களோடு தங்கியிருந்தார். ஐந்து அடித்ததும் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். ஐந்தரைக்கு மூடுவார். கழுவ ஒரு பாத்திரமும் இருக்காது.

முப்பத்தொன்று வந்தது. சித்தி நீர்நாய் என் வரியைச் சொன்னது. கொசு திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நம் வீட்டு விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது என்பதுபோல.

பதின்மூன்று பகுதி கழித்து, ஒரு புதன்கிழமை, கதவு திறந்து அம்மா வந்தாள். "ரொம்ப நேரம் காத்திருந்தியா?" கொசு எழுந்து நின்றுவிட்டாள். பகுதி முடிந்ததும் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் கதவுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையிலும் அங்கேயே.

"ஸ்கூல் வேன் வந்துடும், எழுந்திரு."

"நான் வரல. வீட்ல குட்டி இருக்கணும்."

"பெரியம்மா இருக்காங்கல்ல?"

"பெரியவங்க இருந்தா வரமாட்டாங்கப்பா. நீ பார்க்கலியா?" பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ உதவி கேட்பதுபோல், "நீங்க ரெண்டு பேரும் மீன் பிடிக்கப் போங்களேன்."

அக்கா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமையும் பள்ளிக்கூடம் போகவில்லை. சாப்பாடு வாசலில். மத்தியானம் அங்கேயே சாய்ந்து தூங்கினாள். யாராவது தூக்கினால் விழித்துக்கொண்டு கத்தினாள். மாடியில் யாரோ சாவி குலுக்கினால் முகம் மாறும். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"தம்பி, நான் சொல்லிடுவேன்," என்றார் அக்கா. "ஆனா நான் சொன்னா, அப்பா வேற சொன்னாரேன்னு உங்களைத்தான் பார்ப்பா. கட்டிவெச்சது நீங்க. நீங்களே அவுத்துவிடுங்க."

அன்றைக்குப் பெரிய கத்தரியின் அறைக்குப் போனேன்.

"முப்பத்தொண்ணையும் நாப்பத்திநாலையும் முழுசா மறுபடி போடலாமா, மேடம்?"

"எதுக்கு?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏம்ப்பா, உன் பிள்ளைக்கு ஒண்ணைச் சொல்றதுக்கு ஊர்ப்பிள்ளைங்களையெல்லாம் உட்காரவெச்சு அழவைக்கச் சொல்றியா?"

"இன்னும் எத்தனை வீட்ல வாசல்ல உட்கார்ந்திருக்காங்களோ."

"எத்தனை வீட்ல அம்மா இருக்கமாட்டா? ரெண்டு? பத்து?"

"நாம எண்ணலையே."

"இருபத்தியாறு வருஷமா இந்த நாற்காலி. என் நேரத்துல ஒரு பிள்ளை அழுததில்ல. அதுதான் நான் இங்க சம்பாதிச்சது." குரல் கொஞ்சம் இறங்கியது. "வெட்டாத காப்பி உன்கிட்டதானே இருக்கு? வீட்ல போட்டுக் காட்டு. யாரு கேக்கப் போறா?"

"அதுல அவ குரல் இருக்கு, மேடம். அவதான் அதுல..."

"அப்ப குரலை வெட்டிடு," என்றார் உடனே. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "போ. இன்னிக்கு வேற எதையும் பார்க்கவேணாம்."

என் அறைக்கு வந்தேன். கதவைச் சாத்தினேன். மூலப் பதிவில் அவளுடைய ஏழு சாவும் இருந்தன. கேட்டேன். ஆஸ்பத்திரியில் கேட்காததை ஏழு முறை கேட்டேன். முதலில் மூச்சை உள்ளே இழுப்பாள், பிறகு வெளியே விடும்போது பாதியில் நிறுத்துவாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் சிரிப்பு. ஏழாவதற்குப் பிறகு சிரிக்கவில்லை. "போதுமா?" என்றாள்.

குரலை நீக்கிப் பார்த்தேன். வெள்ளம், வாயைத் திறக்கும் நீர்நாய், சத்தமில்லை. இதைப் பார்த்தால் அந்தக் குட்டிக்கு அம்மா நீந்தக் கற்றுக்கொடுக்கிறாள் என்றுதான் தோன்றும். திரும்பச் சேர்த்தேன். வெட்டாத பிரதியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை. மடிக்கணினியை வாசலுக்கே கொண்டுபோய், கொசுவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அக்கா இம்முறை குழாயைத் திறக்கவில்லை. கூடத்தில் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"இது நான் பார்த்ததுதான்," என்றாள் கொசு.

"இல்ல. டிவில வந்ததுல கொஞ்சம் வெட்டிட்டேன். நீ முழுசாப் பார்க்கல."

"யாரு வெட்டச் சொன்னா?"

"ஆபீஸ்ல."

வெள்ளம் வந்தது. தாய் குட்டியைப் பாறைமேல் தள்ளியது. "கையை விடு தங்கம். நீ விட்டாத்தான் நான் போகமுடியும்." இந்த வரி சேனலில் வரவில்லை. பிறகு அந்த மூச்சு. நான்காவது. கொசு திரையைப் பார்த்தாள், பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தாள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

தண்ணீர் அடங்கியது. சித்தி நீர்நாய் வந்து குட்டியின் முன் குனிந்து வாயைத் திறந்தது. நிறுத்தினேன். மாற்றாத அந்த மூல வரியை ஒரு நீர்நாய் சொல்லவேண்டாம் என்று தோன்றியது.

"அம்மா செத்துட்டாங்க," என்றேன்.

"நீர்நாயா?"

"நம்ம அம்மா."

அக்காவின் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

"எப்போ?"

"அன்னிக்கே. நீ கேட்டேல்ல, அன்னிக்கே."

"வருவாங்கன்னு சொன்னே."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

என்னிடம் இருந்த பதில் வாய் அசைவுக் கணக்கு ஒன்றுதான். சொல்லவில்லை. அவள் காத்திருந்தாள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.

"எனக்குப் பயமா இருந்துச்சு," என்றேன்.

"இப்ப?"

"இப்பவும்தான்."

அவள் அழவில்லை. ரொம்ப நேரம் செருப்பின் வாரைப் பிய்த்து ஒட்டிப் பிய்த்து ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. பிறகு கழற்றினாள். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. அக்கா வந்து தூக்கினார். கத்தாமல் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அக்காவின் முதுகு குலுங்கியது. கொசு அதைத் தட்டிக்கொடுத்தாள், தூங்கவைப்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி, குளிக்கும்போது: செத்தால் பேச முடியுமா? முடியாது என்றேன். தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனாள். மாலை ஐந்துக்கு நான் டிவியைப் போடவில்லை. அவளே போட்டாள். நாற்பத்தேழாம் பகுதி. இதிலும் ஒரு நினைவுக் காட்சி உண்டு, தாய் குட்டிக்குத் தலைவாரும் காட்சி. இதற்கு முன்னால் வரும் கற்களையும் நான்தான் வெட்டியிருந்தேன். என் கை ரிமோட்டைத் தேடியது.

அந்தக் குரல் வந்தது. "ஆடாம உட்காருடா, சிக்கு எடுக்கறேன்."

கொசு எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்கு. கையை வாயோரம் வைத்து மறைத்துக்கொண்டு, வகுப்பில் பக்கத்துப் பிள்ளைக்கு ரகசியம் சொல்வதுபோல் சொன்னாள்.

"அம்மா. நீ செத்துட்டே. அப்பா சொல்லிட்டாரு."

நீர்நாய் சீப்பை எடுத்தது. முடியில் மாட்டியது. "வலிக்குதா?" என்றது. இழுத்தது. "இதோ முடிஞ்சுது, முடிஞ்சுது."

கொசு கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். மறுபடி சொன்னாள், இந்தமுறை இன்னும் மெதுவாக. பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அவங்களுக்குத் தெரியலப்பா. பேசிட்டே இருக்காங்க."

ரிமோட் என் கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"நிறுத்தாதே. முடிக்கட்டும்."

வந்து என் மடியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பார்த்தோம். உள்ளே அக்கா குழாயைத் திறந்தார், உடனே மூடினார். நீர்நாய் வாரி முடித்துவிட்டுப் பின்னல் போட ஆரம்பித்தது. பேசிக்கொண்டே போட்டது.