ஒரே நேரத்தில் இரண்டு பேர்

என் தங்கை கணவரை எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டது நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். மற்றவர்கள் எழுதும் ப்ரோகிராமில் பிழை தேடும் டெஸ்டராகவே நான் இன்னும் இருக்கிறேன். அவர் வந்த மறுவருடமே டீம் லீடர் ஆகிவிட்டார்.

வீட்டிலும் எந்நேரமும் மாப்பிள்ளை புராணம். மாப்பிள்ளை குரலை உயர்த்திப் பேசமாட்டாராம். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவாராம். நானும்தான் கழுவுகிறேன், அம்மா கண்ணில் அது படுவதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அவர் பேர் வாங்கிய ப்ரோகிராம் ஒரு மருத்துவமனைக்கானது. நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்குவது அதன் வேலை. முன்பு வராமல் போனவர் இனியும் வரமாட்டார் என்று கணித்து, அவருடைய நேரத்தை இன்னொருவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடும். டாக்டர் சும்மா உட்கார வேண்டியதில்லை. எல்லோரும் மாப்பிள்ளையைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். நான் சல்லடை போட்டுத் தேடியும் ஒரு குறை சிக்கவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை அம்மாவின் மூச்சிரைப்புக்காக அங்கே போனோம். நேரம் வாங்கிக் கொடுத்ததே மாப்பிள்ளைதான். சலவைக்கடைச் சீருடையில், இருமிக்கொண்டே ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் அம்மாவுக்கும் ஒரே நேரம். அம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அதன் பிறகும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கவுன்டரில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கவுன்டர்க்காரர் முன் இருந்த திரையில் இரண்டே பட்டன்கள்: ‘பார்த்தாயிற்று’, ‘வரவில்லை’. அவர் பாவம், ‘வரவில்லை’யைத் தட்டினார்.

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. வந்து காத்திருந்தவள் இப்போது வராதவள். அடுத்த முறையும் அவள் நேரத்தில் இன்னொருவரைச் சேர்ப்பார்கள், அப்போதும் அவள்தான் பின்னால் நிற்பாள். காத்திருந்து சலித்துப் போகிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு என்பதே ஆபீசில் உட்கார்ந்து டெஸ்ட் செய்த எங்களுக்குத் தோன்றவில்லை.

இருமிக்கொண்டே படியிறங்கிப் போகிறவளைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது. மாப்பிள்ளை சிக்கிவிட்டார் என்ற சந்தோஷம்.

“மாப்பிள்ளை புண்ணியத்துல சட்டுனு முடிஞ்சுதுப்பா” என்றாள் அம்மா.

ஆபீசுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அன்றைக்கே ப்ரோகிராமை நிறுத்தியிருப்பார்கள். நான் போடவில்லை. வெள்ளிக்கிழமை மருத்துவமனைத் தலைவரும் எங்கள் முதலாளியும் உட்காரும் பெரிய கூட்டம் இருந்தது. அங்கே வைத்து மாப்பிள்ளையின் மூக்கை உடைக்கலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் பேசி முடித்ததும் எழுந்தேன். அந்தப் பெண்ணையும் இரண்டு பட்டன்களையும் பற்றி நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். சப்பைக்கட்டு கட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ லேப்டாப்பைத் திறந்து அம்மாவின் நேரத்தைத் தேடினார். அதே நேரத்தில் இருந்த இன்னொரு பெயரைப் பிடித்தார். அவள் கணக்கைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. திரையை என் பக்கம் திருப்பினார். திங்கள், வரவில்லை. புதன், வரவில்லை.

அம்மாவைக் கூட்டிப் போனது எந்த நாள் என்று அவருக்குத் தெரியாதா? என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தலைவர், முதலாளி பக்கம் திரும்பினார்.

“தப்பு என்னோடது. இப்பவே நிறுத்திடறேன். மச்சான் நேத்துதான் பார்த்திருக்காரு, இன்னிக்கே சொல்லிட்டாரு.”

மருத்துவமனைத் தலைவர் அவரை மரியாதையோடு பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. தோற்கும்போதும் இவர் எனக்குப் பிச்சை போடுகிறாரே. அடுத்து நான் வாயைத் திறந்ததற்கு மனசாட்சிதான் காரணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் போட்டதை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

“நேத்து இல்ல. திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். இவரை உங்க முன்னாடி அசிங்கப்படுத்தணும்னுதான் சொல்லாம இருந்தேன். புதன்கிழமை அந்தம்மா நிஜமாவே வரலையா, இல்ல வந்து உக்காந்துட்டுப் போனாங்களான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது.”