லோக் வீட்டு மூத்த மகள்

அந்த வாரம் முழுக்க ஹாங்காங்கைப் பனிமூட்டம் பிடித்திருந்தது. சுவரெல்லாம் வியர்த்தது. மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் தெருவே கிடையாது. கூவி விற்பவர்களின் குரல் மட்டும் மிதந்து வந்தது. அப்படியொரு பகலில்தான் நான் லோக் வீட்டு மகளானேன்.

ஏழு வயதில் என்னை அந்த வீட்டு வேலைக்கு விலைக்கு வாங்கினார்கள். அந்த மூட்டத்தின்போது எனக்குப் பன்னிரண்டு. அடுப்பு, துணி, மூத்திரச்சட்டி எல்லாம் என் தலையில். என்னைப் போன்றவர்களைச் சர்க்கார் புத்தகத்தில் பதியவேண்டும் என்று சட்டம் வந்தது. எஜமானி பதியவில்லை. வெள்ளிக்கிழமைப் படகில் என்னை அக்கரையில் இருக்கும் மக்காவ் நகருக்கு அனுப்பி, அங்கே ஒருத்தியிடம் கைமாற்றப் பேச்சு நடந்தது. அவள் வீட்டுக்குப் போன பெண்கள் யாரும் திரும்பியதில்லை.

அன்று கீழ்வீட்டுக்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "தணிக்கைக்காரங்க வர்றாங்க!"

எஜமானி என் அழுக்குச் சட்டையை உருவிவிட்டு, தன் பட்டுச் சட்டையை மாட்டி, சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தாள்.

"நீ நான் தத்தெடுத்த மக. என்னை அம்மான்னு கூப்பிடு. ஒழுங்கா நடந்தீன்னா மக்காவ் படகும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"எப்பவுமே மகளாவா?"

"ஆமாடி. வாய மூடு."

நம்பிவிட்டேன். பட்டு உடம்பில் தண்ணீர் மாதிரி வழுக்கியது. என் முன்னால் எனக்கென்று ஒரு கிண்ணம் சோறு. அதன் ஆவியும் சன்னல் மூட்டமும் கலந்ததில், எஜமானியின் முகம்கூட யாரோ ஓர் அம்மாவின் முகமாய்த் தெரிந்தது.

வெள்ளைக்காரத் துரைசானியும் மொழிபெயர்க்கும் குமாஸ்தா ஃபூனும் வந்தார்கள். தத்துப்பிள்ளை என்றதும் துரைசானி தலையாட்டிப் புத்தகத்தை மூடினாள். ஃபூன் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சோறு ஆறுது பாருங்க. சாப்பிடுங்க, எங்களுக்காக நிறுத்தாதீங்க."

எங்கள் சீன வீடுகளில் சிறியவர்கள் பெரியவர்களைச் சாப்பிட அழைத்துவிட்டுத்தான் சாப்பாட்டுக் குச்சியைத் தொடுவார்கள். ஐந்து வருஷம் கதவோரம் நின்று கேட்டது, எனக்கு மனப்பாடம்.

"அம்மா, சாப்பிடுங்க." நாக்கு தித்தித்தது. அடுத்து, எஜமானி பெற்ற ஒன்பது வயது மகள் வாய் லிங்குக்கும் தலை தாழ்த்தினேன். "வாய் லிங், சாப்பிடுங்க."

ஃபூன் நிமிர்ந்தார். எந்த அக்கா தங்கையை அப்படி அழைப்பாள்? தங்கையல்லவா அழைக்கவேண்டும்?

"ஏன் பாப்பா, நீ அக்காவக் கூப்பிடலியா?"

வாய் லிங் குச்சியைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்காவா? இவளா? இவ என் மூத்திரச்சட்டி கழுவுறவ!"

"வெளையாட்டுப் புள்ள, அப்படித்தான் பேசுவா" என்று சொல்லிக்கொண்டே எஜமானி மேசைக்கடியில் என் பாதத்தை மிதித்தாள். மரச்செருப்பு.

ஃபூன் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. இவங்க உன் அம்மாவா?"

அந்த மிதி விழாதிருந்தால் ஆமென்றுதான் சொல்லியிருப்பேன்.

"இல்லீங்க. வெள்ளிக்கிழம என்னை மக்காவ் ஊருக்கு அனுப்பப் போறாங்க."

துரைசானி புத்தகத்தைத் திறந்து எழுதினாள். இனி எனக்குக் காப்பாளர் சர்க்கார்தான் என்றார் ஃபூன். எஜமானி பட்டுச் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

வாசலில் கேட்டேன். "அப்போ சர்க்கார்தான் எனக்கு அப்பாவா?"

"சோறு போடுவாரு," என்றார் ஃபூன். "மூஞ்சியத்தான் பாக்க முடியாது."

மூட்டத்துக்குள் படி இறங்கினோம். தண்ணீர் வாளிகளைச் சுமந்து தினமும் நான் ஏறி இறங்கிய படிதான். வெறுங்கையோடு அன்றுதான் முதல் தடவை இறங்கினேன். இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.