கல்லில் வெட்ட வேண்டிய வரி

ஹேமிஷ் ஆறு மணிக்கு எழுந்தான். காலணிகளைக் கவிழ்த்துத் தட்டினான். தேள் எதுவும் விழவில்லை. தண்ணீர்க் கேனின் வாயில் கட்டியிருந்த பனியை உடைத்து, கெட்டிலில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தான். தண்ணீர் கொதிப்பதற்குள் நான்கு டயர்களிலும் காற்றை அளந்தான். பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு, பதினேழு. என்ஜின் எண்ணெயைப் பார்த்தான். பின்னால் தொங்கிய இரண்டு மாற்றுச் சக்கரங்களின் பட்டையை இழுத்துப் பார்த்தான். குனிந்து, பின் ஸ்பிரிங்குகளுக்குள் வைத்திருந்த காற்றுப்பைகளை விரலால் அழுத்தினான். இறுக்கமாக இருந்தன. இரண்டு குவளைகளில் தேநீர் ஊற்றி, ஒன்றில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டு, மாமனாரின் கூடாரத்துக்கு வெளியே வைத்தான். ஏழு மாதமாக அவனுடைய காலைகள் இப்படித்தான். செய்ய வேண்டியவை வரிசையாக இருந்தன, செய்தான்.

"டீயா இது? ஆட்டுக்கு மருந்து ஊத்துற தண்ணி இதைவிட நல்லாருக்கும்," என்றபடி மெர்வின் தலையை நீட்டினார். முழுவதும் குடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

சிம்ப்சன் பாலைவனத்தில் அவர்களுக்கு அது மூன்றாவது நாள். மேற்கிலிருந்து கிழக்கே, ஆயிரத்துச் சொச்சம் மணல்மேடுகள். இந்தப் பயணத்தைத் திட்டமிட்டவள் அவன் மனைவி நெரிடா. இரண்டு வருடம் வார இறுதிதோறும் அவளும் அவனும் சேர்ந்துதான் அந்தப் பிக்கப் வண்டியை மாற்றினார்கள். உயரம் கூட்டினார்கள், பெரிய டீசல் தொட்டி வைத்தார்கள், பின்னால் அலுமினியப் பெட்டி கட்டினார்கள். எடுத்துச் செல்ல வேண்டியவற்றை அவள் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தாள். அவள் இறந்த பிறகு அவன் அந்தப் பட்டியலில் ஒன்றைக்கூட அடிக்கவில்லை. வார்ப்பிரும்புச் சட்டி, அவளுடைய நாற்காலி, அவளுக்கான தண்ணீர் எல்லாவற்றையும் ஏற்றினான். பிறகு மெர்வினுக்கானவற்றையும் ஏற்றினான். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. காற்றுப்பைகளை வாங்கி வைத்து நிமிர்த்தினான்.

மெர்வின் கூட வருகிறேன் என்று தானாகத்தான் சொன்னார். மகளோடு அவர் இரண்டு வருடம் பேசவில்லை. அவருடைய பண்ணையில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் வாரத்தில் அவள் கல்யாணத்தை வைத்தாள், அவர் வரவில்லை. அவ்வளவுதான் சண்டை. ஆறாயிரம் ஆட்டையும் பன்னிரண்டு ஆட்களையும் விட்டுவிட்டு எப்படி வருவது என்று அவர் கேட்டார். தெரிந்துதான் வைத்தேன், எனக்காக ஒரு நாள் விட்டுவிட்டு வர முடியாதா என்று அவள் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் பலமுறை கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை. அவள் மூளையில் ரத்தக்குழாய் வெடித்த அன்று எட்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர், நடைவழியில் நின்று, "என்ன சொன்னா? கடைசியா என்ன சொன்னா?" என்று மட்டும் கேட்டார். அவருடைய சட்டைப் பொத்தான்கள் துளை மாறிப் போடப்பட்டிருந்தன. ஹேமிஷ் அதைப் பார்த்துக்கொண்டே, "அப்பா மேல மனசுல ஒண்ணும் இல்லன்னு சொன்னா," என்றான். அவள் அப்படிச் சொல்லவில்லை.

அந்த வரி இப்போது அவளுடைய கல்லறைக் கல்லில் ஏறப்போகிறது. கல் செதுக்குபவர் அனுப்பிய மாதிரித் தாளை மெர்வின் சட்டைப் பையில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் சரி என்று பதில் சொல்ல வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை.

ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் ரேடியோவில் குரல் கொடுக்க வேண்டும். எதிரே வருபவன் உச்சியில் வந்து முட்டிக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி. அந்த வேலையை மெர்வின் எடுத்துக்கொண்டிருந்தார்.

"கிழக்கே போற ஒரே வண்டி. உள்ள ஒரு கிழவன், ஒரு ஊமை. அந்தப் பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க."

"மேற்கே போற மூணு வண்டி, ரெண்டு மேடு தள்ளி நிக்கிறோம்," என்றது ஒரு பெண்குரல். "வாங்க, வாங்க. ஊமை ஓட்டுறாரா, கிழவன் ஓட்டுறாரா?"

"ஊமைதாம்மா. அதான் வண்டி கதறுது."

அந்த மேட்டில் முதல் தடவை பாதியில் நின்றது. பின்னால் வந்து மறுபடி ஏற்றினான். உச்சிக்கு ஆளுயரம் கீழே நின்றது.

"டயர் காத்தை இறக்கு, மாப்ள. பன்னெண்டுக்குக் கொண்டுவா. மெதுவா ஏறும்."

"ஏறிடும்."

"இந்தச் சட்டி பானையெல்லாம் வர்ற வழியில அந்தப் பெட்ரோல் பங்க்குலயே இறக்கி வைன்னேன். கேட்டியா?"

ஹேமிஷ் ரிவர்ஸ் கியர் போட்டான். நீளமாகப் பின்னால் போய், வேகம் எடுத்து ஏற்றினான். வண்டி உச்சியைத் தாண்டி ஒரு கணம் காற்றில் நின்றது. இறங்கியபோது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. ஈரமான விறகை முழங்காலில் வைத்து ஒடித்ததுபோல் இருந்தது.

இறங்கிப் பார்த்தான். ஓட்டுநர் அறைக்கும் பின்பெட்டிக்கும் நடுவே இருந்த இடைவெளி மேலே கையகலமாக விரிந்திருந்தது, கீழே மூடியிருந்தது. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் வளைந்திருந்தது. பின் பம்பர் மணலில் உட்கார்ந்திருந்தது. அவன் படித்தது கட்டுமானப் பொறியியல். பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் பாரம் நெம்புகோல்போல வேலை செய்யும், காற்றுப்பை நடுவில் ஒரே இடத்தில் மேலே தள்ளும், நடுவில் இருக்கும் இரும்பு என்ன செய்யும் என்று எந்த முதலாண்டு மாணவனுக்கும் அவனால் படம் போட்டுக் காட்ட முடியும். மண்டியிட்டு அந்த வளைவில் கையை வைத்துப் பார்த்தான். சூடாக இருந்தது. செய்ய ஒன்றும் இல்லை. திருக ஒரு போல்ட்டுகூட இல்லை.

மேற்கே போகும் மூன்று வண்டிகளும் வந்து நின்றன. ரேடியோவில் பேசியவள் இறங்கினாள். க்ளெனிஸ் என்றாள், அறுபது வயதிருக்கும். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அட கண்ணு. வாழைப்பழமா வளைச்சிட்டியே."

"இவனுக்கு வேலையே பாலத்துக்குப் பாரம் கணக்குப் போடுறதுதாம்மா," என்றார் மெர்வின்.

"எந்த ஊர்ப் பாலம்னு சொல்லிருங்க. நாங்க சுத்திப் போயிடுறோம்."

அவளுடைய ஆட்கள் சிரித்தார்கள். ஹேமிஷும் உதட்டை விரித்தான். ஆனால் யாரும் இழுக்கலாம் என்று சொல்லவில்லை. இழுத்தால் இரண்டாகப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். செயற்கைக்கோள் கருவியில் அடுத்த ஊரான பேர்ட்ஸ்வில்லுக்குச் செய்தி அனுப்பினான். மீட்பு லாரி ஞாயிற்றுக்கிழமைதான் வரும் என்று பதில் வந்தது. க்ளெனிஸ் ஒரு கேன் தண்ணீரும் ஒரு பழக்கேக்கும் கொடுத்தாள். போகும்போது ஹேமிஷின் தோளைத் தொட்டு, "உனக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்," என்றாள். அவளுக்கு வேறு ஒன்றும் தெரியாது.

வண்டிகளின் மேல் கட்டியிருந்த அடையாளக் கொடிகள் மேட்டுக்கு அப்பால் இறங்கி மறைந்தன. மெர்வின் நெரிடாவின் நாற்காலியை எடுத்து நிழலில் விரித்து உட்கார்ந்தார். ஹேமிஷ் மணலில் உட்கார்ந்தான். ஈக்கள் வந்தன. மெர்வின் கேக்கை வெட்டி ஒரு துண்டை நீட்டினார். தின்றார்கள். மத்தியானம் நகரவே இல்லை.

"நானும் விடாம சொல்லியிருக்கலாம், மாப்ள. காத்தை இறக்குன்னு ஒரு தடவ சொன்னேன். ரெண்டாந்தடவ சொல்லலை."

"நீங்க சொல்லியும் நான் கேட்டிருக்கமாட்டேன், மெர்வ்."

"ஆமா. அவளும் அப்படித்தான்." அவர் பையிலிருந்து தாளை எடுத்து முழங்காலில் வைத்து நீவினார். "அந்தக் கருவியை எடு. என் கட்டைவிரலுக்கு அந்தப் பொத்தானெல்லாம் அமுங்காது. வெட்டலாம்னு கல்லுக்காரருக்கு அனுப்பிடு. அஞ்சு மணிக்கு மூடிடுவார்."

ஹேமிஷ் கருவியைக் கையில் எடுத்தான்.

"அதுக்கு முன்னாடி ஒரு தடவ சொல்லு. அவ சொன்னது அப்படியேதானே? ஒரு சொல்லு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கல்லுல ஏறினா அழிக்க முடியாது பாரு." தாளைப் பார்த்தே பேசினார். "தினமும் காலைல ஷெட்டுக்குப் போறப்போ இதைத்தான் சொல்லிக்கிறேன். மனசுல ஒண்ணும் இல்ல. மனசுல ஒண்ணும் இல்ல. நாய்கூட என்னைப் பைத்தியம்னு நினைச்சிருக்கும்."

இப்போது ஆமாம் என்றால் போதும். இன்னும் இரண்டு நாள் இந்த மனிதரோடு இதே நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்து போக இடமில்லை. அவன் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை.

"மெர்வ். அவ அப்படிச் சொல்லலை."

மெர்வின் நிமிரவில்லை.

"நான்தான் சொன்னேன். நீங்க அங்க நின்ன நிலைமைக்கு வேற எதுவும் தோணலை. உங்களைப் பத்தி அன்னைக்கு அவ எதுவுமே பேசலை. நல்லதாவும் பேசலை, கெட்டதாவும் பேசலை."

தாள் காற்றில் படபடத்தது. அவர் அதைப் பெரிய உள்ளங்கையால் மூடினார். அடிப்பார் என்று ஹேமிஷ் நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் நினைத்தான்.

"சரி," என்றார் கடைசியில். "அப்போ என்னதான் சொன்னா?"

"சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல."

"இருந்துட்டுப் போகட்டும். எனக்கு வேணும்."

அவள் விழுந்த அன்று சாயங்காலம் ஹேமிஷ் இந்த வண்டிக்கு அடியில்தான் படுத்திருந்தான். வாயில் போல்ட் கவ்வியிருந்தான். வீட்டு ஷெட் கதவருகே அவளுடைய கால்கள் மட்டும் தெரிந்தன, கம்பளிக் காலுறையோடு. அவள் ஒன்று கேட்டாள். போல்ட்டை மாட்டிவிட்டுப் பதில் சொல்லலாம் என்று இருந்தான். கொஞ்சநேரம் நின்றாள், பிறகு தானே பார்த்துக்கொள்ளப் போனாள். வாசலில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் அவன் வெளியே வந்தான்.

அதை அவரிடம் சொன்னான். பிறகு அவள் கேட்டதைச் சொன்னான், ஒரு சொல் கூடாமல், குறையாமல்.

"நாளைக்குக் குப்பை வண்டிக்கு எந்தத் தொட்டியை வெளிய வைக்கணும் ஹேமிஷ், மஞ்சள் மூடியா, பச்சை மூடியா?"