ரயில் கேட்கும் அறை

முதலிபாளையத்து அந்தப் பனியன் கம்பெனியில் சாய்மானம் வைத்த நாற்காலி மூன்று பேருக்குத்தான். முதலாளி சிவராஜ், மேனேஜர் பழனிமுத்து, கன்னையன். முதல் இரண்டு பேருக்கும் படிப்பு இருந்தது. கன்னையனுக்கு முட்டி போயிருந்தது.

சாயப் பிரிவில் பதினேழு வருஷம் ஈரத்துணி இழுத்தவர். ஒருநாள் துணி ரோல் ஒன்று நழுவி வலது முட்டிமேல் விழுந்தது. அதற்கப்புறம் கால் மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. அவரை எங்கே போடுவது என்று பழனிமுத்து மண்டையைச் சொறிந்துகொண்டிருந்தபோதுதான், பனியன் வாங்கும் ஜெர்மன் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. தொழிலாளிகளுக்கு ஓய்வறை வேண்டும், அதில் பொழுதுபோக்கும் வேண்டும்.

முதலாளி வீட்டில் ஒரு ரெக்கார்டு பிளேயர் கிடந்தது. ஜெர்மன்காரர் ஒருத்தர் பரிசாக அனுப்பியது. உசத்தியான சாமான், சுற்றுகிற தட்டே ஆறு கிலோ. முதலாளியம்மா சுப்புலட்சுமி அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஊட்டுல மாவாட்டற கிரைண்டரே ரெண்டு இருக்குதுங்க, மூணாவது வேண்டாம்" என்றுவிட்டார். வேஸ்ட் துணி போட்டிருந்த அறையைக் காலி செய்து, அதை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி. கன்னையன் மியூசிக் இன்சார்ஜ் ஆனார்.

கூட வந்த ரெக்கார்டு ஒன்றே ஒன்று. பாட்டுக் கிடையாது. ஸ்பீக்கர் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்கான ரெக்கார்டு. இடது ஸ்பீக்கரிலிருந்து வலது ஸ்பீக்கருக்கு ஒரு ரயில் போகும். பிறகு வலதிலிருந்து இடதுக்கு வரும். அவ்வளவுதான்.

ஜெர்மன் கம்பெனிக்காக ஆலையைச் சோதிக்கும் ஆடிட் வரும்போதெல்லாம் பழனிமுத்து ஆட்களை நிற்கவைத்துப் பாடம் நடத்துவார்.

"எத்தனை மணி நேரம் வேலை?"

"எட்டு மணி நேரமுங்க."

"ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவீங்க?"

"ரயில் கேப்பமுங்க."

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. 2006 தீபாவளி கழிந்ததும் பிளேயரின் ரப்பர் பெல்ட் அறுந்தது. ஆடிட்டுக்கு எட்டு நாள் இருந்தது. பெல்ட் ஜெர்மனியிலிருந்துதான் வரவேண்டும், ரெண்டு மாசமாகும் என்றான் ரிப்பேர் கடைக்காரன்.

"தூக்கிப் போடுங்க அதை. ஒரு டி.வி.யும் டி.வி.டி.யும் வாங்கி வெச்சர்லாம்" என்றார் முதலாளி.

கன்னையன் சுவரைப் பிடித்து எழுந்தார். "ஏனுங்க, டி.வி.க்கு இன்சார்ஜ் உண்டுங்களா?"

"அதுக்குத்தான் ரிமோட் இருக்குதே."

"அப்ப நானுங்க?"

"பாய்லருக்கு வெறகு தள்ள ஆள் பத்தல" என்றார் பழனிமுத்து.

பாய்லரில் உட்கார முடியாது. குனிந்து, தூக்கி, எறிந்து, மறுபடி குனியவேண்டும். அந்த முட்டியோடு மூன்று நாள் தாங்காது என்பது கன்னையனுக்குத் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

"நானே சரி பண்ணிக்கறனுங்க."

"ஆடிட் அன்னைக்கு ஓடுனா இருக்கட்டும்" என்றார் முதலாளி. "ஓடலீன்னா அதையும் மாத்தறோம், உன்னையும் மாத்தறோம்."

கன்னையன் நேராகத் தையல் பிரிவுக்கு, ரங்காத்தாளிடம் போனார். ஜட்டிக்கு இடுப்புப்பட்டி தைக்கிறவள்.

"ஒரு பட்டி வேணும் ரங்கா."

"உங்களுக்குங்களாண்ணா? எந்த சைசு?"

"பிளேயருக்கு."

அவள் மிஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "அது எப்பண்ணா ஜட்டி போட ஆரம்பிச்சுது?"

ஆனாலும் தைத்துக் கொடுத்தாள். எலாஸ்டிக்கை ஒல்லியாக நறுக்கி, வளையமாக்கி, ரெண்டு தையல் போட்டாள். தட்டுச் சுற்றியது. எலாஸ்டிக் இழுபடும்போது ரயில் மேடு ஏறியது, விட்டபோது பள்ளத்தில் ஓடியது. தையல்முடிச்சு வரும்போதெல்லாம் ஒரு குலுக்கல். கன்னையனுக்கு அது முன்னைவிட நிஜ ரயிலாகவே பட்டது.

ஆடிட்டுக்கு வந்தவர் பெங்களூர்க்காரர். பதிவேடுகளை எடுத்து அடுக்கி வைத்திருந்தார்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழியை மறித்து நின்ற அட்டைப்பெட்டிகளை அன்று காலைதான் தள்ளியிருந்தார்கள். அவர் எதையும் பார்க்கவில்லை. ஓய்வறையில் பிளேயரைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றினார். தன் வீட்டிலும் இதே மாடல் இருக்கிறது என்றார். முள்ளை அவரே வைத்தார். ரயில் தடுமாறிப் போனது. அவர் குனிந்து எலாஸ்டிக்கைப் பார்த்தார். 

"யார் செஞ்சது?"

"நானுங்க" என்று கன்னையன் நாற்காலியில் அசைந்தார். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. முள் துள்ளி, ரயில் பாதியில் நின்றது.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. பழனிமுத்து படித்துக் காட்டினார். இவ்வளவு தரமான பிளேயரை மாற்றவே கூடாது. கன்னையனை அக்கறையுள்ள ஊழியர் என்று பெயர் போட்டுப் பாராட்டியிருந்தது. அவரையும் மாற்றக் கூடாது. அசல் பெல்ட் போடவேண்டும். அதிர்வு ஆகாது, ஆகவே அந்த அறைக்குள் எந்த நாற்காலியும் இருக்கக் கூடாது. சரிசெய்து போட்டோ அனுப்பினால்தான் அடுத்த ஆர்டர்.

"உன் வேலை நின்னுருச்சு கன்னையா" என்றார் பழனிமுத்து. வேலை நிலைத்துவிட்டது என்று சொல்லவந்தார்.

அன்றைக்கே நாற்காலியை எடுத்துவிட்டார்கள். மதியம்வரை கன்னையன் நின்றார். முட்டி பப்பாளிப்பழம்போல் வீங்கியது.

"ஏனுங்க, தரையில உக்காரலாமுங்களா?"

பழனிமுத்து அறிக்கையைப் புரட்டினார். தரையைப் பற்றி ஒன்றுமில்லை. "மெயில் போட்டுக் கேக்கறேன். பதில் வர்ற வரைக்கும் உக்காந்துக்க."

மடங்காத காலோடு தானாக உட்கார முடியாது. காலையில் ரங்காத்தாளும் இன்னொருத்தியும் கக்கத்தில் கைகொடுத்து இறக்கிவிடுகிறார்கள். சாயங்காலம் தூக்கி நிறுத்துகிறார்கள். நடுவில் ஒண்ணுக்குப் போகக் கூப்பிட்டால் அவர்கள் தைக்கிற பீஸ் குறையும், கூலியும் குறையும். அதனால் கன்னையன் டீயை விட்டுவிட்டார். தண்ணீரும் மத்தியானம் ஒரு வாய்தான்.

மெயிலுக்குப் பதில் வரவில்லை. ரெண்டு தரம் கேட்டாயிற்று என்கிறார் பழனிமுத்து. மூன்றாம் தரம் கேட்கவேண்டாமுங்க என்று கன்னையன் சொல்லி வைத்திருக்கிறார்.