கமலம் கேட்ட இரண்டு நாள்

1

இந்தக் கதை ஒரு காரின் சீட்டிலிருந்து வந்தது. ஓட்டுகிறவர் சீட் ஒரு பழுப்பு, பக்கத்து சீட் இன்னொரு பழுப்பு. இதற்கெல்லாமா கதை என்று கேட்காதீர்கள். இதைவிட அற்பமான விஷயங்களுக்கு நாற்பது பக்கம் எழுதி உங்களைப் படுத்தியிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: 'விருத்தாசலத்தில் அன்று காலையிலிருந்தே வெயில்...' அடித்துவிட்டேன். விருத்தாசலத்தில் வெயில் ஒரு செய்தியே இல்லை.

இரண்டாவது: 'கமலத்துக்கு இருமல்.' இது இருக்கட்டும்.

2

கமலம் பத்தொன்பது வருடமாகப் பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சு கலக்குகிறவர். மண் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது, வேலையை விட்டே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டோடு செய்ய ஒரு தொழில் வேண்டும். பாண்டிச்சேரியில் கார் சீட் கடை வைத்திருக்கும் தம்பியிடம் பத்து நாள் தங்கி, தேய்ந்துபோன தோல் சீட்டைப் புதுசாக்கக் கற்றுக்கொண்டு வந்தார். 2004 மார்ச்சில் முதல் வண்டி வந்தது. பெண்ணாடம் சர்க்கரை ஆலை எடைமேடை குமாஸ்தா ஆனந்தராஜின் பழைய கான்டெஸா. இது நன்றாக அமைந்தால் தூசிக்கு ஒரு பெரிய கும்பிடு.

(முதல் பிரதியில் கமலத்தை வாயாடியாக எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவர் அளந்து பேசுகிறவர்.)

3

தேய்ந்திருந்த ஓட்டுகிறவர் சீட்டை மட்டும் கழற்றிக் கூடத்தில் வைத்தார். சோப்புத் தண்ணீரில் அழுக்கெடுத்து, உப்புத்தாளால் பதமாகத் தேய்த்து, வெடிப்புகளைப் பசை வைத்து அடைத்தார். கணவர் தேவநாதன் ஆட்டோ சவாரிகளுக்கு நடுவே வந்து எட்டிப் பார்த்து, மின்விசிறியைச் சீட்டின் பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் போனார்.

வண்ணம் கலக்கும்போது பழகிய கையே காலை வாரிவிட்டது. சுடுவதற்கு முன் கிளேஸ் வெளுத்துத்தான் தெரியும், சூளையில் வெந்தால்தான் நிறம் ஏறும். அந்த வெளுப்பில் நிறுத்தியே பழகிய கை இங்கேயும் அங்கேயே நின்றது. தோல் சீட்டை யாரும் சூளையில் வைப்பதில்லை. மூன்று பூச்சும் காய்ந்து, வண்டியில் மாட்டி, பக்கத்து சீட்டோடு சேர்த்துப் பார்த்த பிறகுதான் நிறம் வெளுத்துப்போனது கமலத்துக்குத் தெரிந்தது.

4

ஆனந்தராஜ் வண்டியை எடுக்க வந்தான். இங்கே எனக்கு மூன்று வழி.

அ) வெயில் பட்டால் நிறம் ஏறும் என்று கமலம் பொய் சொல்வது. (சொல்லமாட்டார்.)

ஆ) ஆனந்தராஜ் கவனிக்காமலேயே... (அவனுக்குக் கண் இருக்கிறதே.)

இ) நடந்தது.

"தப்பு பண்ணிட்டேங்க. சூளைக்குக் கலக்குற மாதிரியே கலந்துட்டேன். ரெண்டு நாளு வுட்டுட்டுப் போங்க, சரி பண்ணித் தரேன்."

"பரவால்லைங்க, இதுவே நல்லாத்தான் இருக்குது" என்று ஆனந்தராஜ் சிரித்துக்கொண்டே சாவியை வாங்கினான். பெண்ணாடம் போய்ச் சேரும்வரை தன் பெருந்தன்மையை நினைத்து அவனுக்கே உள்ளூரப் பூரிப்பு.

(இந்த இடத்தில் அவனுக்காக இரண்டு வரி வக்காலத்து எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். ஆனந்தராஜ் நான்தான்.)

5

மறுவாரம் ஜங்ஷனில் தேவநாதனைப் பார்த்தேன். கமலம் திங்கட்கிழமையே கம்பெனிக்குத் திரும்பிவிட்டாராம். பிரஷ், ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாராம். இருமல் அப்படியேதான் இருக்கிறதாம்.

"நீங்க பரவால்லன்னு சொன்னீங்க பாருங்க, அதத்தான் அவளால தாங்க முடியல. திருத்தித் தரேன்னு சொல்லியும் நம்பி வுடலையேன்னு சொல்லுறா."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அழகாகச் சொல்ல வேறு வாக்கியம் தேடவில்லை.

6

இன்று காலை காரை அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். கமலம் வேலைக்குப் போயிருந்தார். எத்தனை நாளானாலும் சரி, அவரே சரிசெய்து தரவேண்டும் என்று தேவநாதனிடம் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். கமலம் வீடு திரும்ப ஆறு மணியாகும். இதை எழுதும்போது மணி நாலரை.

'கமலம் பரண்மேல் ஏறி...' என்று ஒரு முடிவு எழுதினேன். 'கமலம் சாவியைத் தொடாமல்...' என்று இன்னொன்று. இரண்டிலும் அவர் என் வார்த்தைகளைத்தான் பேசுகிறார். அவருக்குப் பதிலாக நான் ஒருமுறை முடிவு செய்தது போதும்.

இந்தத் தடவை கமலம் சொல்லட்டும்.